கீழ்த்தட்டைப் பார்க்கிறவர்

ஒரு கடைக்குள் நுழைந்தால் அவர் முதலில் குனிவார். நெற்றியில் மெலிதாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும் என்பதால், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படத்தைத்தான் கும்பிடுகிறார் என்று புதுக் கடைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. அடித்தட்டில் சுவரோரமாக என்ன சரக்கு கிடக்கிறது என்று பார்க்கிறார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றொரு கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, தூசி படிந்த ஒரு டப்பாவை வெளியே இழுத்துத் திருப்பித் தேதியைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கடைக்காரருக்கு வணக்கம்.

"கண்ணுக்கு நேரா இருக்கறது அவன் நமக்குக் காட்டறது. கால்கிட்ட இருக்கறதுதான் கடை" என்பார்.

பஹ்ரைனில் நான்கு வருடம் அவருக்கு வண்டி ஓட்டினேன். வெளிநாட்டு உணவுச் சரக்கு இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனி. அவர் சேல்ஸ்மேன், நான் டிரைவர். பாதிக்கு மேல் கடைக்காரர்கள் மலையாளிகள். அவர்கள் அவரைச் சாமி என்றார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நான் பாலக்கரை. ஊரில் பார்த்தால் நடுவில் ஒரு ஆறுதான். ஆனாலும் ஊரிலேயே இருந்திருந்தால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். நான் ஒன்பதாவதோடு ஸ்கூலை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பிவண்டியில் தறி, கோவாவில் மீன் லாரி என்று எங்கேயும் இரண்டு வருடம் முழுசாக நின்றதில்லை. பஹ்ரைனுக்கும் டைல்ஸ் கிடங்கில் சுமை தூக்கத்தான் போனேன். முதுகு பிடித்துக்கொண்டு அறையில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர் இவர். என்னைப் பார்த்தார், என் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கோவா லாரி ஓட்டிய காலத்து டிரைவிங் லைசென்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரில் பெட்டிமேல் கிடந்தது.

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் ஏன்யா கல்லு தூக்கிண்டிருக்கே?" என்றார்.

ஆறு மாதத்தில் அந்த நாட்டு லைசென்ஸ் எடுக்க வைத்து, மேனேஜரைப் பிடித்து, என்னைத் தன் வேனில் உட்கார்த்திவிட்டார். நான் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. அவருக்கு அது ஒரு டப்பாவைத் தட்டு மாற்றி வைத்த மாதிரிதான்.

அந்த நாட்டில் பேரீச்சை, கொஞ்சம் கீரை, மீன். இதைத் தவிர வாயில் வைக்கிற எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கப்பலில் வரும், அல்லது சவூதியிலிருந்து கடல்மேல் போட்டிருக்கிற பாலம் வழியாக லாரியில் வரும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஏஜென்ட், அவருக்கு ஒரு கிடங்கு. கிடங்கிலிருந்து முதலில் எடுத்துக்கொள்கிறவர்கள் பெரிய மால் கடைகள். தட்டுக்கு வாடகை வாங்கிக்கொண்டு நம் சரக்கை வைக்கிறவர்கள் அவர்கள், கேட்டதைக் கேட்ட நாளில் அனுப்பியாக வேண்டும். மிச்சத்தை எங்களைப் போன்ற வேன்கள் ஏற்றிக்கொண்டு தெருமூலைக் கடைகளுக்குப் போகும். அந்தச் சின்னக் கடைகளுக்குப் பக்காலா என்று பெயர். விற்காமல் தேதி தாண்டினதை நாங்களே திரும்ப எடுத்துவர வேண்டும். அது ரிட்டர்ன். ரிட்டர்ன் கூடினால் மேனேஜர் சேல்ஸ்மேனைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்.

மற்ற சேல்ஸ்மேன்கள் தேதி தாண்டும்வரை சும்மா இருந்துவிட்டு அப்புறம் அழுவார்கள். இவர் முன்கூட்டியே தூக்கிவிடுவார். ஒரு கடையில் தூங்குகிற சரக்கை எடுத்து, அது ஓடுகிற கடைக்குக் கொண்டு போவார். எங்கள் வேனில் கம்பெனிச் சரக்கு பாதி, இப்படி ஊர் மாறுகிற சரக்கு பாதி. சித்ராவில் லேபர் கேம்ப் பக்கத்துக் கடையில் யாரோ தெரியாத்தனமாக இறக்கிய ஆலிவ் காய் பாட்டில்கள் ரிஃபாவுக்குப் போகும். ரிஃபாவில் சீண்டுவாரில்லாத மத்தி மீன் டின்கள் சித்ராவுக்கு வரும்.

ஒரு தடவை குதைபியாவில் ஒரு மலையாளி ஒரு பெட்டி மீன் சாஸைக் காலால் தள்ளிக் காட்டினார். "சாமியே, இது இவிடெ ஆருக்கும் வேண்டா. எடுத்தோண்டு போ. நாற்றம் சஹிக்கான் வய்யா."

சாமி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு அதைத் தூக்கி வேனில் வைத்தார். பிலிப்பினோக்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு கடையில் இறக்கினோம். அடுத்த வாரம் அந்தக் கடைக்காரர் இரண்டு பெட்டி கேட்டார். சாமி என் பக்கம் திரும்பி, "நாத்தமாம். நாத்தம் சரக்குல இல்லைய்யா, இடத்துல இருந்தது" என்றார். அன்றைக்குப் பூரா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

அவர் விற்றதில் முக்கால்வாசி அவர் வாயில் வைக்காதது. உறைந்த கோழியைக் கையுறை போட்டுக்கொண்டு இறக்குவார். "சாமி, இன்னைக்குக் கோழி எப்படி?" என்று கிண்டல் செய்பவர்களிடம், "தேதி நன்னாருக்கு. கோழியைப் பத்தி நீங்கதான் எங்கிட்ட சொல்லணும்" என்பார். சாயங்காலம் அறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் காபி.

இதையெல்லாம் படிக்கிறபோது அவர் ஏதோ தர்மப் பிரபு மாதிரித் தெரியலாம். அப்படியும் சொல்ல முடியாது. ஒருத்தருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக இன்னொருத்தர் தட்டிலிருந்துதான் எடுப்பார். கேட்டுக்கொண்டு எடுக்கிற பழக்கமும் கிடையாது. கூத்தாநல்லூர் பாய் ஒருவர் மனாமாவில் கடை வைத்திருந்தார். அவர் ஒரு நாள் சாமியின் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார்.

"என்ன சாமி, எங்கிட்ட எறக்குறதவிட எங்கிட்டேருந்து தூக்கிட்டுப் போறதுதான் ஜாஸ்தியா இருக்கு? அந்த ஓட்ஸை நான் நோன்புக்குன்னு வச்சிருக்கேன்."

"நோன்பு வர மூணு மாசம் இருக்கு பாய். அதுக்குள்ள இது செத்துடும்."

"செத்தா எங்கிட்ட சாகட்டும். வைங்க கீழ."

சாமி வைத்துவிட்டார். ஆனால் மறுவாரம் பாய் தொழப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போய் எடுத்து வந்துவிட்டார். புது ஓட்ஸ் பிறகு வந்து இறங்கியது, பாயும் வாங்கி அடுக்கிக்கொண்டார். எனக்குத்தான் அது சரியாகப் படவில்லை. இவர் கை நீளும்போது எங்கிருந்து நீள்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கிடங்கிலும் அவருக்கு ஒரு வேலை உண்டு. நல்ல சரக்கு குறைவாக வந்தால், மால் கடைக்காரர்களுக்கான சேல்ஸ்மேன்கள் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் சாமி தனக்கு வேண்டிய ஒரு அட்டைப் பெட்டியின் மேல் கறுப்பு மார்க்கரால் ரிட்டர்ன் என்று எழுதி, ரிட்டர்ன் போடுகிற கம்பிக் கூண்டுக்குள் தள்ளிவிடுவார். தேதி தாண்டின சரக்கு கிடக்கிற இடத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள்? இரண்டு நாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு சின்னக் கடைகளுக்குப் போவோம். பல வருடமாக இப்படித்தான் நடந்தது.

ரிஃபாவில் ஒரு கடையில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு பெண் வந்து நின்றாள். கையில் குழந்தை.

"ஊருங்களா? எந்தப் பக்கம்?"

"ஸ்ரீரங்கம். இவன் பாலக்கரை."

"நாங்க திருவெறும்பூருங்க!" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவன் இங்கே கப்பல் பட்டறையில் ஃபோர்மேன். குழந்தைக்கு நான்கு மாதம். தாய்ப்பால் நின்றுவிட்டது. சாதாரணப் பால் மாவு கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்கிறது. ஒரு முறை ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்திருக்கிறார்கள். சோயாவில் செய்த ஒரே ஒரு மாவுதான் ஒத்துக்கொள்கிறது. அந்த மாவுக்கு எங்கள் கம்பெனிதான் ஏஜென்ட்.

"வாரம் ஒரு டப்பா உனக்கு வந்துடும்மா. நீ தேடிண்டு அலையாதே" என்று சாமி சொல்லிவிட்டார். எந்தக் கடையில் வைக்கிறோம் என்று அவளுக்கு முந்தின நாளே போனில் சொல்லிவிடுவார்.

கொரோனா வந்தது. பாலத்தில் லாரிகள் நாள்கணக்கில் நின்றன. கப்பல் வந்தாலும் இறக்க ஆள் இல்லை. ஜனங்கள் இரண்டு வேண்டிய இடத்தில் பத்து வாங்கினார்கள். நாங்கள் முகத்தைக் கட்டிக்கொண்டு வேனை ஓட்டிக்கொண்டே இருந்தோம். சாமி முன்னைவிட வேகமாக அலைந்தார். இங்கே நான்கு எடுத்து அங்கே வைத்து, அங்கே இரண்டு எடுத்து இன்னொரு இடத்தில் வைத்து. ஒரு நாளில் தீவை மூன்று சுற்றுச் சுற்றியதும் உண்டு.

சோயா மாவு கிடங்கில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. ஆறு டப்பா. மேனேஜர் அதை மாலுக்கு அனுப்பச் சொன்னார். சாமி மார்க்கரை எடுத்தார். மத்தியானம் மேனேஜர் சாப்பிடப் போகும்போது எடுத்துவிடலாம் என்று, ரிட்டர்ன் என்று எழுதிக் கூண்டுக்குள் தள்ளினார். அந்தப் பெண்ணிடமிருந்து முந்தின நாள்தான் போன் வந்திருந்தது, வீட்டில் ஒரு டப்பாகூட இல்லை, நாளைக்குள் எப்படியாவது வேண்டும் என்று அழுதிருந்தாள்.

கூண்டில் இருக்கிற சரக்கை, நகராட்சி அதிகாரி ஒருவர் வந்ததும் அவர் கண் முன்னாலேயே அழிப்பார்கள். அதற்கு மாதக் கடைசியில் ஒரு நாள் குறித்திருப்பார்கள். அந்த மாதம் நோய் காரணமாக ஆள் வரவு மாறிப் போய், அதிகாரி ஒரு வாரம் முன்னாலேயே, அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டார். நாங்கள் சித்ராவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். பதினொரு மணிக்கு நாங்கள் திரும்பியபோது கூண்டு காலி. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஆறு டப்பாவையும் உடைத்து, கொட்டி, குப்பை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெருமாளே" என்றார், ஒரே ஒரு தடவை. பிறகு என்னிடம், "முஹரக்ல ரெண்டு இருக்கு. வண்டியை எடு" என்றார்.

முஹரக்கில் ஒரு கண்ணூர்க்காரர் கடை. அங்கே அந்த மாவு இரண்டு டப்பா கீழ்த்தட்டில் இருப்பது சாமிக்கு எழுதி வைக்காமலே தெரியும், அவரே கொண்டு வைத்ததுதான். போனதும் குனிந்தார், இரண்டையும் எடுத்துத் துணிப்பையில் போட்டார். கண்ணூர்க்காரர் கல்லாவிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடைக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். பிலிப்பினோ. பக்கத்தில் ஒரு சலூனில் வேலை செய்கிறவள், சலூன் சட்டையிலேயே வந்திருந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அதே டப்பா.

கண்ணூர்க்காரர் சாமியைப் பார்த்தார். சாமி பையைப் பிடித்தபடி நின்றார்.

"ஃபினிஷ், சிஸ்டர். டுமாரோ, டுமாரோ" என்றார் கண்ணூர்க்காரர்.

அவள் கீழ்த்தட்டைக் கையால் காட்டினாள். போன வாரம் இங்கேதான் பார்த்தேன் என்கிற மாதிரி. கண்ணூர்க்காரர் தலையை ஆட்டினார். அவள் தானே குனிந்து பார்த்தாள். தூசியில் இரண்டு வட்டம் மட்டும் இருந்தது. எழுந்து, முகத்துணியைச் சரி செய்துகொண்டு, வெயிலில் அடுத்த கடைப் பக்கம் நடந்தாள்.

வேனில் ஏறின பிறகு நான் சொன்னேன், "சாமி, அவளுக்கும் ஒரு குழந்தை இருக்கும்."

"தெரியும். ஓட்டு."

முஹரக்கிலிருந்து தீவின் நடுப்பகுதி வரைக்கும் ஓட்டினேன். ரிஃபாவில் மூன்றாவது மாடி, லிஃப்ட் நின்றுபோன கட்டடம். நான் கீழே வண்டியிலேயே இருந்தேன். பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார். பையில் ஒரு டப்பா இன்னும் கனத்துக்கொண்டிருந்தது.

"ஏன் சாமி, ரெண்டையும் குடுக்கலையா?"

"ஒண்ணு போதுமாம்."

"ஒண்ணு போதுமா? நேத்து அழுதாங்களே!"

"முஹரக் விடு."

"இப்பத்தானே அங்கேருந்து வந்தோம்?"

"விடுய்யா."

முஹரக் கடையில் அந்த ஒரு டப்பாவைக் கண்ணுக்கு நேரான தட்டில், நட்ட நடுவில், பேர் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார். அவர் எந்தச் சரக்கையும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. சலூனைத் தேடிப் போனோம். ஷட்டர் போட்டிருந்தது. அன்றைக்குத்தான் எல்லா சலூனையும் மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் போனபோது டப்பா இல்லை.

"யார் வாங்கினா?"

கண்ணூர்க்காரரின் தம்பி கல்லாவில் இருந்தார். "ஆரோ ஒரு ஆள்."

"பொம்மனாட்டியா?"

"ஆம்பளைன்னு தோணுது. ஞாபகம் இல்லா சாமி."

அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போன ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டார். சலூன் பெண் வந்தாளா? வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாளோ, வேறு வீட்டுக்கு மாறிவிட்டாளோ. கண்ணூர்க்காரர் கடைசியில், "சாமி, ஞான் அறியில்லா. தெய்வத்தோடு போய்க் கேளு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அதோடு முடியவில்லை. அழித்த சரக்கைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்புவார்கள். அதில் ஆறு நல்ல டப்பாக்கள் இருந்தன, தேதி இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. ஊரே அந்த மாவுக்கு அலைகிற நேரம். மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார். சாமி, "நான்தான் எழுதினேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கும் அதையே திரும்பச் சொன்னார். விமானம் விட்டதும் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வருடம் அந்தத் தீவில் இருந்தவர். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு விட்டேன். போகிற வழியில்கூட, அந்த ஜுஃபைர் கடையில் ஒரு பெட்டி சீஸ் தூங்குகிறது, மாற்றிவிடு என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

நானும் மேலும் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது திருச்சியில் ஒரு குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். எத்தனை நாள் ஓட்டுவேன் என்று தெரியாது.

போன வருடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு ஆள் தரையில் கை ஊன்றிக் குனிந்திருந்தார். கடைக்காரப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்: "என்னங்க தேடுறீங்க? என்ன வேணும்னு கேளுங்க, எடுத்துத் தரேன். இப்படிப் பூந்து பாக்கக் கூடாதுங்க!"

முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "சாமி!" என்றேன்.

தலையை வெளியே எடுக்காமலே, "இரு, இந்த ரஸ்க் ரெண்டு மாசம் முன்னாடியே போயிருக்கணும்" என்றார்.

ஊதுவத்தி, அப்பளம், ரஸ்க் எல்லாம் கடைகளுக்குப் போடுகிற ஒரு சின்ன ஏஜென்சிக்கு லைன் பார்க்கிறார். மொபெட்டில் இரண்டு பக்கமும் பை. காவிரிப் பாலத்தை ஒரு நாளைக்கு நான்கு தடவை தாண்டுகிறார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் வாடகை வீடு. நான் போயிருந்தபோது அவர் வீட்டு மாமி காபி கொடுத்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்கோ. ஆத்துல துவரம்பருப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியலை. காலம்பற ஒரு எடம், சாயந்திரம் ஒரு எடம். நான் தளிகை பண்றதா, தேடறதா?"

"பழசு முன்னாடி வரணும்" என்றார் சாமி.

"நானும் பழசுதான். என்னைத்தான் முன்னாடி வைக்கக் காணும்" என்றார் மாமி. சாமி சத்தம் போட்டுச் சிரித்தார். பஹ்ரைனில் நான்கு வருடத்தில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தத் திருவெறும்பூர்க் குடும்பமும் ஊருக்கு வந்துவிட்டது. என் நம்பர் எப்படியோ கிடைத்து, அந்தப் பெண் மூன்று தடவை கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஒரு நாள் சாப்பிட வர வேண்டும் என்றாள். சாமியிடம் சொன்னேன். முதல் தடவை ஏகாதசி என்றார். அடுத்த தடவை வண்டியில் டயர் சரியில்லை என்றார். மூன்றாம் தடவை, "நீ போய்ட்டு வா. எல்லாரும் போகணுமா என்ன" என்றார். இந்த ஊரில் தெரு பாக்கி இல்லாமல் சுற்றுகிற மனுஷர், அங்கே மட்டும் போக மாட்டேன் என்றார்.

சென்ற வாரம் திருவெறும்பூருக்கு ஒரு பீரோ கொண்டுபோக லோடு கிடைத்தது. இறக்கிவிட்டு அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன். பையன் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்பு. முட்டியில் சிராய்ப்பு. என்னைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்துவிட்டு ஓடிவிட்டான்.

"சாமி வரலையா அண்ணே?"

"அவருக்கு வேலைம்மா."

இலை போட்டுச் சாப்பாடு வைத்தாள். பாதியில் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கணவன் வெளியே போயிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த டப்பாவாலதான் அவருக்கு வேலை போச்சுன்னு எங்க வீட்டுக்காரரு பின்னாடி சொன்னாரு. நெசமா?"

"அதுவும் ஒண்ணு" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு எங்கிட்ட நாலு டப்பா இருந்துச்சு அண்ணே. பட்டறையில ஒருத்தர் சவூதியிலேருந்து லாரிக்காரங்க மூலமா வாங்கிக் குடுத்தாரு. கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தேன். வீட்டுல ஒண்ணுகூட இல்லைன்னு சாமிகிட்ட பொய் சொன்னேன். பயம் அண்ணே. எத்தனை இருந்தாலும் பத்தாதுன்னு தோணுச்சு. இவன் மூச்சு இழுத்தத நீங்க பாத்திருந்தா..."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"சாமி மேல வந்தாரு. தண்ணி குடுத்தேன். இவன் கையிலேருந்த கிலுகிலுப்பை உருண்டு கட்டிலுக்குக் கீழ போயிடுச்சு. நான் குனியறதுக்குள்ள அவரு குனிஞ்சுட்டாரு. எடுத்துக் குடுத்தாரு. மொகம் மாறவே இல்ல. பையில ரெண்டு டப்பா இருந்தத நான் அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஒண்ண எடுத்து மேசை மேல வச்சாரு. 'இன்னொண்ணு சாமி?'ன்னு கேட்டேன் அண்ணே. வாய் கூசாம கேட்டேன். 'அது இன்னொரு ஆத்துக்கும்மா'ன்னுட்டு எறங்கிட்டாரு."

வாசலில் பையன் மணி அடித்துக்கொண்டே போனான்.

"அவரு பாத்தாரா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. பாக்கலைன்னா நானே போயி சொல்லிடுவேன். பாத்திருந்தா என்ன செய்யறதுன்னு தெரியல. அஞ்சு வருஷமா இது உள்ள கெடக்கு."

முஹரக்கில் தூசியில் கிடந்த இரண்டு வட்டத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பையன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்துவிட்டான்.

அங்கிருந்து நேராக ஸ்ரீரங்கம் வந்தேன். தஞ்சாவூர் ரோட்டில் வண்டிகளின் நடுவே, அவரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்து ஒரு லாரியில் இடிக்கப் பார்த்தேன். அவர் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கடை வாசலில் மொபெட்டில் பை கட்டிக்கொண்டிருந்தார்.

"திருவெறும்பூர் போய்ட்டு வரேன் சாமி."

கயிற்றை இழுத்துக் கட்டினார். "குழந்தை எப்படி இருக்கான்?"

"சைக்கிள் ஓட்டறான். ஒண்ணாவது படிக்கறான்."

"போறும்" என்றார். அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிட்ட மாதிரி அடுத்த பையை எடுத்தார்.

"சாமி, அன்னைக்குக் கட்டிலுக்குக் கீழ நாலு டப்பா இருந்துச்சாம். அந்தப் பொண்ணு சொல்லி அழுவுது. நீங்க பாத்தீங்களான்னு கேக்கச் சொல்லிச்சு."

பை நழுவியது, பிடித்துக்கொண்டார். "எதைப் பாத்தேனா?"

"டப்பாவை."

"நான் ஒண்ணும் பாக்கலியே."

"குனிஞ்சீங்களாமே."

"கிலுகிலுப்பை விழுந்தது. குனிஞ்சேன். கிலுகிலுப்பையை எடுத்தேன். அவ்வளவுதான்."

"அப்ப ஒரு டப்பாவை ஏன் திருப்பிக் கொண்டு வந்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வெயிலில், ஒரு பெண் அடுத்த கடைப் பக்கம் நடந்து போனதை நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம் என்று எனக்குத் தோன்றியது.

"அந்தப் பொண்ணுக்கு இப்பவே போன் பண்ணு. நான் பாக்கலைன்னு சொல்லு. நாளைக்குன்னு வச்சுக்காதே" என்றார். மொபெட்டை உதைத்தார். பஸ்ஸுக்கு வழி விட்டு நிற்காமல், சந்தில் புகுந்து போய்விட்டார்.

அங்கேயே ஓரமாக நின்று கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"கேட்டீங்களா அண்ணே?"

"கேட்டேன்மா. பாக்கலையாம்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான் சொன்னாரு. கிலுகிலுப்பையைத்தான் எடுத்தாராம். வேற ஒண்ணும் கண்ணுல படலையாம்."

பின்னால் பையன் சைக்கிள் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"பாக்கலைன்னா அந்த இன்னொரு டப்பாவையும் குடுத்திருப்பாருல்ல? அப்ப பாத்திருக்காரு அண்ணே" என்றாள்.